கீதாரிகளுக்காகக் கட்டிய சாப்பாட்டுக்கூடம்: எல்கோ நகரின் ஸ்டார் ஹோட்டல்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் மதுரைப் பெற்றோர் பெரும்பாலும் நியூ ஜெர்சிக்கோ, டல்லாஸுக்கோ, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கோதான் போகிறார்கள். அங்கெல்லாம் தோசைக்கும் பிரியாணிக்கும் கடை உண்டு என்பதால் எங்கே சாப்பிடுவது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நெவாடா மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கும் எல்கோ அப்படிப்பட்ட ஊர் அல்ல. 20,000 பேருக்குச் சற்று மேல் வாழும் அந்த நகரம் நம் மேலூரைவிடச் சிறியது. மேற்கே ரீனோவுக்கு ஏறத்தாழ 290 மைல், கிழக்கே சால்ட் லேக் சிட்டிக்கு ஏறத்தாழ 230 மைல், இடையில் பெரும்பாலும் சாம்பல் பச்சைப் புதர் மண்டிய வறண்ட மேட்டுநிலம்தான். ஊருக்கு மேற்கே கார்லின் பகுதியில் 1965இல் தொடங்கிய தங்கச் சுரங்கத் தொழில் இன்று அமெரிக்கத் தங்கத்தில் பெரும்பங்கைத் தருகிறது. அந்தச் சுரங்கங்களுக்காகத்தான் நம் ஊர்ப் பொறியாளர்கள் சிலரும் அங்கே போய்ச் சேருகிறார்கள். என் மருமகனும் அப்படிப் போனவர்தான். மளிகைச் சாமான் வாங்க சால்ட் லேக் சிட்டி வரை கார் ஓட்டிப் போய்வரும் குடும்பங்கள் அவை. அந்த ஊருக்குப் போகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இடம் எது என்று கேட்டால், ஸ்டார் ஹோட்டல் என்று தயங்காமல் சொல்வேன். ஏன் என்பதற்கு உணவை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது.

எல்கோ ரயிலால் உண்டான ஊர். கண்டம் கடந்த முதல் ரயில் பாதையை மேற்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தார் 1868ஆம் ஆண்டின் இறுதியில் இந்த இடத்தை எட்டியபோது ஊர் பிறந்தது. 1980களில் பாதையை ஓரமாக நகர்த்தும் வரை ரயில்கள் நகரின் நடுவிலேயே ஓடின. ஸ்டார் ஹோட்டலைப் பாஸ்க் இனத்தவரான பீட் ஹவுரெகி 1910இல் கட்டினார். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே பிரனீஸ் மலைகளின் மேற்குக் கோடியில் வாழும் பாஸ்க் மக்கள், 1849ஆம் ஆண்டின் கலிபோர்னியத் தங்க வேட்டையின்போது, பலர் அர்ஜென்டினா வழியாக, அமெரிக்க மேற்குக்கு வந்தார்கள். தங்கம் கிடைக்காதவர்கள் செம்மறி ஆடுகளைக் கையில் எடுத்தார்கள். அவர்களைத் தொடர்ந்து பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஊரிலிருந்து தனியே கப்பலேறி வந்து, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளையும் ஒரு நாயையும் வைத்துக்கொண்டு மலையேறினார்கள். கோடையெல்லாம் மலைமேல், குளிர்காலத்தில் கீழே பாலை நிலத்தில். சில நாட்களுக்கு ஒருமுறை சாமான் கொண்டுவரும் ஆளைத் தவிர மனித முகம் இல்லை. வெள்ளைப் பட்டை கொண்ட ஆஸ்பென் மரங்களில் அவர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் கீறி வைத்த தடங்கள் நெவாடா மலைகளில் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இலையுதிர் காலத்தில் குட்டிகளை ரயிலேற்றி விற்றபின் ஆள் தேவை குறைந்துவிடும். வேலை போன மேய்ப்பர்கள் கையில் கூலியோடு இறங்கிவந்து தங்குவதற்கென்றே ரயில் நிலையங்களை ஒட்டி இப்படிப்பட்ட விடுதிகள் எழுந்தன. அவை வெறும் தங்குமிடமாக நிற்கவில்லை. மேய்ப்பருக்கு வரும் கடிதத்துக்கு அதுவே முகவரி. சேமித்த பணத்துக்கு விடுதிக்காரர்தான் வங்கி. அடுத்த பருவத்துக்கு வேலை பிடித்துக் கொடுப்பவரும், மருத்துவரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பவரும் அவரே. விடுதியில் சமைக்கவும் பரிமாறவும் சொந்த நாட்டிலிருந்து வந்த பெண்களைப் பார்த்துப் பல மேய்ப்பர்கள் அங்கேயே திருமணம் முடித்தார்கள். மாடியில் அறைகள், கீழே நீண்ட மேசைகள் போட்ட சாப்பாட்டுக்கூடம், முன்புறம் மது அருந்தும் இடம் என்ற அமைப்பு அப்படி வந்தது. 1934இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம், சொந்த நிலமில்லாமல் பொது நிலங்களில் மந்தையோடு அலைந்தவர்களின் தொழிலை முடித்துவைத்தது. மந்தைகள் குறைந்தன, விடுதிகளில் தங்க ஆள் இல்லாமல் போயிற்று. ஆனால் கீழ்த்தளத்துச் சாப்பாடு மட்டும் ஊராருக்கு உரியதாக மாறி, இன்று வரை நடந்துகொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக்காரர்களுக்கு, ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரிகளை நினைக்காமல் இருக்க முடியாது. மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை போட ஆள் சொல்லி அனுப்பிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பலருடைய ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டிவரும் கீதாரி, இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று என் தகப்பனாரிடம் பேசி முடித்து, குட்டிகளைக் கொடாப்பில் அடைத்து, விடிய விடியக் காவல் இருப்பார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், அதற்குக் கூலி அவருக்கு. அவருக்கு வீட்டுக் கூடத்தில் இலை போட்டதாக எனக்கு நினைவில்லை. வரப்பிலேயே அவர்கள் அடுப்பு எரியும். ஸ்டார் ஹோட்டலின் நீண்ட மேசையில் உட்கார்ந்திருந்தபோது இதை என் மருமகனிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ஒத்த ஆளா வந்தவங்க மாமா, ஊர்ல வீடு கிடையாது, அதனால ஒரு வீடு கட்ட வேண்டியிருந்துச்சு. நம்ம கீதாரிக்குப் பெண்டாட்டி பிள்ளை, பானை சட்டி எல்லாம் கூடவே வருதே" என்றார். அது நியாயமான பதில்தான். ஆனாலும் ஆட்டுக்கறிக்குப் பேர்போன மதுரையில், கறி தோசைக்கும் சுக்காவுக்கும் வரிசையில் நிற்கும் எந்த மெஸ்ஸிலும் அந்த ஆட்டை வளர்த்தவனுடைய வாழ்க்கையின் சுவடு ஒன்றுகூட இல்லை என்பதை அவருடைய பதில் மாற்றிவிடாது.

இனி உணவுக்கு வருகிறேன். நெவாடாவின் பாஸ்க் உணவகங்களில் சாப்பாடு பரிமாறும் முறைக்குப் பந்தி என்று பெயர் சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். தனித்தனித் தட்டில் அளந்து வைத்துத் தருவதில்லை. மேசைக்குப் பொதுவாகப் பெரிய கிண்ணங்களில் வரும், அவரவர் எடுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் தள்ள வேண்டும். கூட்டமான இரவில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார நேரலாம். நாம் முதன்மை உணவாக எந்த இறைச்சி அல்லது மீன் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். மற்றவை கேட்காமலேயே வரும். முதலில் சூப்பும் ரொட்டியும், பிறகு பூண்டும் வினிகரும் எண்ணெயும் தாராளமாக விட்ட கீரை சாலட், பிறகு பீன்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், காய் ஏதாவது, சில இடங்களில் ஸ்பகெட்டி. இவ்வளவும் வயிற்றில் இறங்கிய பிறகுதான் இறைச்சி வரும். மலையில் பல மாதம் காய்ந்தவனுக்காக வகுத்த அளவு இது என்பது நினைவில் இருக்கட்டும். மதுரைக்காரர்கள் செய்யும் தவறு சூப்பையும் ரொட்டியையும் இரண்டாம் முறை எடுத்துக்கொள்வதுதான். பிறகு பிரதான உணவைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

சுவையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். காரம் என்பது இந்தச் சமையலில் இல்லை. பூண்டு, உப்பு, வெங்காயம், சிவப்புக் குடைமிளகாய் ஆகியவற்றோடு மசாலா முடிந்துவிடுகிறது. சீரகமும் மல்லியும் மிளகும் வறுத்து அரைத்த வாடையில் வளர்ந்த நாக்குக்கு முதல் கவளம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் பூண்டை அவர்கள் பயன்படுத்தும் துணிச்சல் மெச்சத்தக்கது. துண்டு துண்டாக நறுக்கிப் பொன்னிறத்தில் வதக்கி இறைச்சியின் மேலேயே கொட்டிவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் வெள்ளாட்டுக்கறி என்றால்தான் மதிப்பு. செம்மறி என்றால் கொழுப்பு வாடை அடிக்கும் என்று முகம் சுளிப்போம், கசாப்புக் கடையில் வாலைக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்குவோம். அங்கே கிடைப்பது முழுக்கச் செம்மறிதான். அதிலும் ஓராண்டு நிரம்பாத குட்டியின் கறி. நம் வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் கம்பளி தராதவை, கறிக்கென்றே வளர்பவை. அங்குள்ளவை அடர்ந்த கம்பளிக்காகவும் வளர்க்கப்பட்ட பெரிய சாதி ஆடுகள். கொழுப்பின் வாடை உண்டு. சூடாக இருக்கும்போது அது தெரிவதில்லை. பேசிக்கொண்டே ஆறவிட்டால் மேல்வாயில் ஒட்டும். ஆகவே வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும், கதை பேசுவதெல்லாம் சூப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உள்ளே சற்றுச் சிவப்பாக இருக்கும்படி வாட்டுவதுதான் அங்கத்திய வழக்கம். நம்மவர்கள் பெரும்பாலோருக்கு அது ஒவ்வாது. நன்றாக வேக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், பரிமாறுகிறவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மாட்டிறைச்சி சாப்பிடுவோருக்கு இந்த ஊர் சொர்க்கம்; எல்கோ மாவட்டம் முழுவதும் மாட்டுப் பண்ணைகள்தான், ஸ்டேக் வெட்டுவதிலும் வாட்டுவதிலும் கைதேர்ந்தவர்கள். மீன் வேண்டுவோர் பாஸ்க் சமையலில் பெயர் பெற்ற காட் மீனைக் கேட்கலாம். அதை உப்பிட்டுக் காயவைத்துப் பின் ஊறவைத்துச் சமைப்பது அவர்கள் பழைய முறை. கருவாட்டின் அருமை அறிந்தவர்களுக்கு அந்த உறவு புரியும்.

மரக்கறி மட்டும் உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். என் மனைவி அப்படிப்பட்டவர். பாஸ்க் உணவகங்களில் சூப்பின் சாறு பெரும்பாலும் எலும்பிலிருந்து வருவது, பீன்ஸில் பன்றி இறைச்சியோ சொரீசோ என்னும் காரமில்லாத இறைச்சிக் குழலோ கிடக்கும். ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் சாலட், ரொட்டி, உருளைக்கிழங்கு, காய் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சாப்பாடு அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். கூட வருகிறவர்களின் துணைக்காகப் போனால் போகலாம். கைப்பையில் ஒரு சிறு டப்பா பூண்டு ஊறுகாய் கொண்டுபோன என் மனைவியின் முன்யோசனையை நான் மேசையில் கேலி செய்தேன், பிறகு நானும்தான் தொட்டுக்கொண்டேன்.

செலவைப் பொறுத்தவரை, ரூபாயில் மாற்றிப் பார்த்தால் சாப்பிட மனம் வராது. ஒருவருக்கு ஆகும் தொகையில் மதுரையில் ஒரு குடும்பம் கறி விருந்தே சாப்பிடலாம். அதற்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை பரிமாறுகிறவருக்கு வைக்க வேண்டும். அங்கே அது விருப்பத்தைப் பொறுத்தது என்று எழுதப்பட்டிருந்தாலும் நடப்பில் கட்டாயம். மீந்ததைக் கட்டிக் கொடுக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊராரே அதைத்தான் செய்கிறார்கள். மறுநாள் அந்தக் கறியை வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டு என் மகள் வதக்கியபோதுதான் எனக்கு அதன் முழுச் சுவையும் தெரிந்தது என்று சொன்னால் பாஸ்க் மக்கள் மன்னிக்க மாட்டார்கள்.

குடிப்பழக்கம் உள்ளவர்கள் பிக்கோன் பஞ்ச் என்ற பானத்தைப் பற்றிக் கேட்காமல் வரமாட்டார்கள். ஆரஞ்சுத் தோலின் கசப்புக் கொண்ட ஒரு மதுவோடு மாதுளைச் சாறும் சோடாவும் சேர்த்து, மேலே பிராந்தியை மிதக்கவிட்டு, எலுமிச்சைத் தோல் ஒன்றைப் போட்டுத் தருவது. அமெரிக்கப் பாஸ்க் மக்களின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. மேசைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முன்கூடத்தில் நின்று அதைக் குடிப்பது ஊர் வழக்கம். பண்ணைக்காரர், சுரங்கத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தவர், கல்லூரி ஆசிரியர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் குடிக்காதவர்களும் சற்று முன்னதாகவே போய் நிற்கலாம். மளிகைக் கடையின் வாசலில்கூடச் சூதாட்ட இயந்திரங்கள் வைத்திருக்கும் மாநிலத்தில், மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்கும் இடங்கள் எனக்கு அதிகமாகத் தென்படவில்லை.

இதே பாணியில் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வேறொரு ஊர் உணவகத்திலும் சாப்பிட்டோம். குறை சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். சுவரெல்லாம் மேய்ப்பர்களின் பழைய புகைப்படங்கள், ஆட்டு மணிகள், கம்பளி வெட்டும் கத்திரி. மேசைகள் மட்டும் தனித்தனியாக, இருவருக்கு ஒன்று, நால்வருக்கு ஒன்று. கிண்ணத்தில் வர வேண்டிய பீன்ஸ் கைப்பிடி அளவு ஒரு குழிவில் வந்தது, இரண்டாம் முறை கேட்டதற்குத் தனி விலை சொன்னார்கள். பந்தியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் மாட்டி வைத்தால் அது வேறு எந்தச் சாலையோர உணவகத்துக்கும் மேலானதல்ல.

ஸ்டார் ஹோட்டலுக்குப் போகும் காலத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஜூலை மாதத் தொடக்கத்தில், 1964 முதல் நடந்துவரும் தேசிய பாஸ்க் விழா எல்கோவில் நடக்கிறது. நாங்கள் அந்தச் சமயத்தில் இருந்தோம். பெரும் பாறைகளைத் தோளுக்குத் தூக்கும் போட்டி, கனமான எடைகளை இரு கையிலும் பிடித்துக்கொண்டு நடக்கும் போட்டி, கட்டை வெட்டும் போட்டி ஆகியவற்றைப் பார்த்தபோது நம் ஊர்க் கோயில் முன் கிடக்கும் இளவட்டக்கல்லின் நினைவு வந்தது. நம் கல் பல ஊர்களில் மண்ணில் புதைந்து கிடக்கிறது, அவர்கள் இன்னும் தூக்குகிறார்கள். மலைக்கு மலை கேட்கும்படி மேய்ப்பர்கள் எழுப்பிய இர்ரின்ட்ஸி என்ற நீண்ட கூவலுக்கும் தனிப் போட்டி உண்டு. அதைக் கேட்ட என் மனைவி, "இதென்ன, நம்ம குலவைய ஆம்பளைகளும் சேர்ந்து போடுறாங்க" என்றார். குளிர் தாங்குகிறவர்களுக்கு ஜனவரி இறுதியும் ஏற்ற காலம். மாடு மேய்ப்பவர்கள் தாங்கள் எழுதிய கவிதைகளை மேடையேறிச் சொல்லும் தேசிய கௌபாய் கவிதைக் கூடுகை 1985 முதல் அங்கே நடக்கிறது, பழைய பயோனியர் ஹோட்டல் கட்டடத்தில் இயங்கும் மேற்கத்திய நாட்டார் வாழ்வியல் மையம் அதை நடத்துகிறது. இந்த இரண்டு வாரங்களிலும் ஊரில் அறை கிடைப்பதே கடினம், சாப்பாட்டுக்கு நெடுநேரம் நிற்கவும் வேண்டியிருக்கும்.

ஒரு மனக்குறை உண்டு. அது உணவகத்தின் மீதல்ல, ஊரின் மீது. இன்று நெவாடா மலைகளில் செம்மறி மேய்ப்பவர்களில் பெரும்பாலோர் பெரு நாட்டிலிருந்து தற்காலிக விசாவில் வருகிறவர்கள். அதே தனிமை, மேய்ப்பர் தங்கும் அதே வண்டி வீடு, அதே நாய். நூறாண்டுக்கு முந்தைய மேய்ப்பர்களுக்கு விழாவும் கூடமும் நினைவுச்சின்னமும் இருக்கின்றன. இன்றைய மேய்ப்பரைப் பற்றி ஊரில் நான் கேட்டவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. என் தகப்பனார் வயல் வரப்பில் எரிந்த அடுப்பைப் பற்றி எனக்கும் சொல்ல அதிகம் இல்லாததால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளாகப் பாருங்கள், மாலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மதிய உணவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் போனால் இரண்டு ஆட்டுக்கறி, ஒரு மீன், ஒரு சொலோமோ என்று பிரித்துக் கேட்டுப் பகிர்ந்துகொள்வது நல்லது. சொலோமோ என்பது சிவப்புக் குடைமிளகாயோடு வதக்கிய பன்றி இறைச்சி, எங்கள் மேசையில் மிச்சமில்லாமல் தீர்ந்தது அது ஒன்றுதான். ஊர் 5,000 அடிக்கு மேல் இருப்பதால் கோடையிலும் இரவில் குளிரும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.